சைலன்சர் வந்ததும் துவக்கு

நாகேஸ்வரி அக்கா எங்கள் அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்ததும் முதலில் எட்டிப் பார்த்தது என் கையிலிருந்த வடையைத்தான்.

"உந்த வடையை எங்கை வாங்கினனீங்கள், தம்பி? ரெண்டாந்தரம் காய்ச்சின எண்ணெய்."

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய மனுசி. துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் குழாயை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார் என்று வழக்கு. பொலிஸ் வீட்டுக்குள் புகுந்து பருப்பு டின் வரைக்கும் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. இந்த நிலையிலும் என் வடைக்காகக் கவலைப்படுகிறவரை எனக்கு உடனே பிடித்துப்போய்விட்டது. அதற்காக வடையைக் கீழே வைக்கவில்லை, தின்று முடித்தேன்.

என் பெயர் நித்தியானந்தன். பாதி ஆயுளைப் பாரிஸில் தொலைத்துவிட்டு லண்டனுக்கு வந்தவன். இப்போது லண்டனின் ஓரத்தில் மிச்சம் என்ற ஊரில், ஒரு சலூனுக்கு மேல்மாடியில், துப்பறியும் மயூராவுக்கு உதவியாளன். பாரிஸ் தின்று மீதி வைத்த ஆளுக்கு மிச்சத்தை விட்டால் வேறு எந்த ஊர் பொருந்தும்? மயூரா முன்பு நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். ஒருநாள் ஒரு சாட்சி சொல்லாத சொல்லைச் சொன்னதாக எழுதச் சொன்னார்கள். முடியாது என்று எழுந்து வந்துவிட்டாள். அப்படிப்பட்டவளுக்கு உதவியாளாக இருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

"அம்மா, வடையை விடுங்கோ," என்றாள் மகள் துஷ்யா. அழுதழுது அவள் கண் வீங்கியிருந்தது. எங்களைத் தேடிப் பிடித்தது அவள்தான். தாய் ஏதோ மகளின் அலுவலுக்குத் துணை வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"லோயர் என்ன சொல்லுறார்?" என்று கேட்டாள் மயூரா.

"சிவானந்தன் சேர் குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொல்லுறார், அக்கா. ஒத்துக்கொண்டால் தண்டனை குறையுமாம். இல்லாட்டி வருசக்கணக்கிலை உள்ளுக்கை இருக்க வேண்டி வருமாம்."

"ஒத்துக்கொள்ள மாட்டன்," என்றார் நாகேஸ்வரி அக்கா. "எனக்கு முன்னாலை துவக்கை நீட்டினவை எத்தினை பேர் எண்டு எனக்கே தெரியாது. ஆமியும் நீட்டினவன், எங்கட இயக்கப் பெடியளும் நீட்டினவங்கள். நான் ஒருத்தருக்கும் நீட்டேல்லை. ஊரிலை இருந்த வீட்டை வித்துக் கொத்துரொட்டி வான் போடப்போற நேரத்திலை துவக்கோடை எனக்கென்ன வேலை? செய்யாததைச் செய்தன் எண்டு இந்த வாயாலை சொல்லமாட்டன். உள்ளுக்கை போட்டால் போடட்டும்."

துப்பாக்கியை எங்கள் யாழ்ப்பாணத்து வாய் துவக்கு என்றுதான் சொல்லும். வேறு சொல் வராது.

"துவக்கு ஒண்டும் அவையள் எடுக்கேல்லைத்தானே?" என்றேன்.

"இல்லை, மாமா. குழாய் மட்டும்தான். கஸ்டம்ஸிலை பார்சலை உடைச்சுப் பாத்திட்டு, திருப்பி ஒட்டி, தபால்காரன் மாதிரி பொலிசே கொண்டுவந்து குடுத்தவங்கள். அம்மா கையிலை வாங்கினதும் உள்ளுக்கை வந்திட்டாங்கள்." துஷ்யா தன் போனை நீட்டினாள். "ஆனால் அம்மாவின்ரை போனைப் பறிச்சு வைச்சிருக்கேக்கை இந்த மெசேஜ் வந்திருக்கு. அதைப் படம் பிடிச்சு லோயர் எனக்கு அனுப்பினவர்."

நானும் மயூராவும் தலையை முட்டிக்கொண்டு படித்தோம்.

'சைலன்சர் வந்ததும் துவக்கு. சத்தமே வராது. கவுன்சில்காரன் வாய் மூடிடும்.'

பொலிஸ் அழைத்த மொழிபெயர்ப்பாளன் இங்கே வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெடியன். சைலன்சர் வந்துவிட்டது, அடுத்தது துப்பாக்கி, சத்தம் வராது, நகரசபை அதிகாரியின் வாய் மூடப்படும் என்று அச்சொட்டாக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. நானும் அப்படித்தான் படித்தேன். மயூராவின் முகத்தைப் பார்த்தேன். அவளும் அப்படித்தான் படித்திருந்தாள்.

"இவ்வளவு விளக்கமாய் எழுதுற கொலைகாரனை நான் கண்டதில்லை," என்றேன். "கீழை கையெழுத்து மட்டும்தான் குறை."

"நித்தி அண்ணை, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ," என்றாள் மயூரா. "அக்கா, இதை ஆர் அனுப்பினது? 'மெக்கானிக்' எண்டு போட்டுக் கிடக்கு."

"என்ரை வானைத் திருத்துற பெடியன். பொலிஸ் கோல் எடுக்கேக்கை போனை நிப்பாட்டிப் போட்டான். அவனை இதுக்குள்ளை இழுக்காதையுங்கோ. விசாவை நீட்டக் குடுத்திட்டு நித்திரை இல்லாமல் இருக்கிறான், பாவம்."

"அவன் ஏன் கவுன்சில்காரன்ரை வாயை மூடோணும்?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் அந்த மெசேஜைப் பார்த்ததே பொலிஸிலைதான்."

"பொலிசிட்டை என்ன சொன்னனீங்கள்?"

"கேட்டதுக்கெல்லாம் நோ கொமென்ற்."

"சரி. அந்தக் குழாயை அமெரிக்காவிலை இருந்து ஆர் அனுப்பினது?"

"தெரியாது. ஏதோ பார்சல் கொம்பனியின்ரை பேர்தான் கிடந்தது," என்றார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

மயூரா எழுந்து கோட்டை மாட்டினாள்.

"மெக்கானிக்கைப் பார்க்கப் போவம். துஷ்யா, உங்களுக்கு இடம் தெரியும்தானே?"

"நான் விடமாட்டன்," என்றார் நாகேஸ்வரி அக்கா.

"அப்ப நீங்களும் வாங்கோ. வழியெல்லாம் விடாமல் இருக்கலாம்," என்றேன்.

*

ட்ராம் தண்டவாளத்தை ஒட்டி வரிசையாக இருந்த தகரக் கொட்டகைகளில் கடைசிக் கொட்டகை அது. கதவு உள்ளே பூட்டியிருந்தது. நான் தட்டினேன். உள்ளே ஒரு ஸ்பானர் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ஆள் இல்லாதது போல ஒரு அமைதி.

"தம்பி, ஆளில்லாத வீட்டிலை ஸ்பானர் தானாய் விழாது. திறவுங்கோ," என்றேன்.

"ஸ்ரீனிவாஸ், நான்தானடா," என்றார் நாகேஸ்வரி அக்கா. "திற. இதுகள் எங்கட ஆக்கள்தான்."

கதவு திறந்தது. முகமெல்லாம் கிரீஸ், கண்ணெல்லாம் பயம். கோயம்புத்தூர்க்காரன், முப்பது வயது இருக்கும்.

"அக்கா, வந்துட்டீங்களா? போலீஸ்காரங்க என் விசாவுக்குத்தான் தேடறாங்கன்னு நெனச்சு போனை ஆஃப் பண்ணி வெச்சுட்டேனுங்க. உங்களைப் புடிச்சுட்டாங்கன்னு நேத்துதான் பக்கத்துக் கடையில சொன்னாங்க. நீங்க என்னங்க தப்புப் பண்ணுனீங்க?"

"அதை நீர்தான் சொல்லோணும்," என்றாள் மயூரா.

அவன் பின்னால் நின்றது வான். வான் என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும், அவ்வளவு பெரிது. ஏதோ சினிமாக் கம்பனி அமெரிக்காவிலிருந்து இறக்கிப் படம் எடுத்து முடித்துத் தள்ளிவிட்ட வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம். பாரிஸில் ஓட்டிய கை எனக்கு. இடது பக்கத்து ஸ்டியரிங்கைக் கண்டால் சும்மா இருக்குமா? மயூரா அவனை விசாரிக்கட்டும் என்று விட்டுவிட்டு ஏறிச் சாரதி இருக்கையில் அமர்ந்தேன்.

முன் பலகையில் பித்தளைத் தகட்டில் அழகாக வெட்டி ஒட்டியிருந்தது எல்லாம் தமிழ். 'விளக்கு' என்று ஒரு விசை. 'துடைப்பான்' என்று ஒன்று. 'ஒலிப்பான்' என்று ஒன்று. ரசித்துக்கொண்டே கையை நகர்த்தினேன். நடுவில் ஒரு பெரிய சிவப்புப் பொத்தான். அதன் மேலிருந்ததைப் படித்தேன்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

"மயூரா! ஒருத்தரும் கிட்டப் போகாதையுங்கோ! துவக்கு எண்டு எழுதிக் கிடக்கு! சிவப்புப் பொத்தான்! அமத்தினால் வெடிக்கப்போகுது!"

துஷ்யா வீரிட்டாள். நாகேஸ்வரி அக்கா மகளை இழுத்துத் தன் பின்னால் விட்டார். ஸ்ரீனிவாஸ் மட்டும் எங்களை மாறி மாறிப் பார்த்தான். விசர் பிடித்தவர்களைப் பார்ப்பது போலத்தான் பார்த்தான்.

"ஏனுங்க கத்தறீங்க? அது ஸ்டார்ட் பட்டன்ங்க."

"துவக்கு எண்டு எழுதியிருக்கே!"

"ஆமாங்க. துவக்குன்னா ஆரம்பி, ஸ்டார்ட் பண்ணு. பக்கத்துல கறுப்புப் பட்டன் இருக்குது பாருங்க, அதுல 'நிறுத்து'ன்னு இருக்கும். அக்காதான் வண்டிக்குள்ள ஒரு எழுத்துக்கூட இங்கிலீஷ்ல இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. பேசறப்ப நானும் ஸ்டார்ட்டுன்னுதான் சொல்லுவேன். தகட்டுல எழுதணுமேன்னு நல்ல தமிழா யோசிச்சு வெச்சேனுங்க. அவங்க வந்து பார்க்கறதுக்குள்ள இப்படி ஆயிருச்சு."

வெளியே ஒரு ட்ராம் மணியடித்துக்கொண்டு போனது.

மயூரா அங்கே கிடந்த டயரில் உட்கார்ந்தாள். "சைலன்சர் வந்ததும் ஸ்டார்ட் பண்ணு," என்றாள் மெதுவாக. "சத்தம் வராது. கவுன்சில்காரன் வாயை மூடிப்போடுவான்."

"அதேதானுங்க! தகட்டுல வெச்ச சொல்லையே மெசேஜ்லயும் போட்டேனுங்க. போன மாசம் ஓட்டிப் பார்த்தப்ப இது போட்ட சத்தத்துல தெருவே எந்திரிச்சுருச்சு. கவுன்சில்ல இருந்து ஒருத்தர் வந்து, இன்னொரு தடவை சத்தம் கேட்டா வியாபாரத்துக்கு அனுமதியே கிடையாதுன்னு கத்திட்டுப் போனாரு."

"கோட்டிலை எத்தினை வருசம் தமிழை வைச்சுச் சோறு தின்டனான்," என்றாள் மயூரா. அவளுக்குத் தன்மேலேயே வந்த கோபத்தை நான் முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தேன். "கூட்டத்தைத் துவக்கு, வேலையைத் துவக்கு. பள்ளிக்கூடத்திலை படிச்ச சொல்லுத்தானே! எனக்கும் தெரியேல்லை, லோயருக்கும் தெரியேல்லை, மொழிபெயர்த்த பெடியனுக்கும் தெரியேல்லை."

"எப்படித் தெரியும்?" என்றார் நாகேஸ்வரி அக்கா. "எங்கட சனத்துக்கு அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம்தானே மிஞ்சிக் கிடக்கு."

"சரி, வழக்கு முடிஞ்சுது. ஆர் தேத்தண்ணி வாங்கித் தாறியள்?" என்றேன்.

"முடியேல்லை, அண்ணை," என்று மயூரா எழுந்தாள். "மெசேஜ் தப்பிச்சுது. குழாய் தப்பேல்லை. பொலிஸ் எடுத்தது வானுக்குப் பூட்டுற சாமான் இல்லை. உண்மையான துவக்குக்குப் பூட்டுற சைலன்சர்." அவள் நாகேஸ்வரி அக்காவின் முன்னால் போய் நின்றாள். "அக்கா, காலமை தொடக்கம் எங்களோடை எவ்வளவு கதைச்சனீங்கள்! வடை எண்ணெயைப் பற்றியும் கதைச்சனீங்கள். ஒரு கேள்வி மட்டும் கேக்கேல்லை."

"என்ன கேள்வி?"

"'எந்த நாசமாப் போனவன் எனக்கு உந்தக் குழாயை அனுப்பினவன்?' அநியாயமாய் மாட்டுப்பட்ட ஆர் எண்டாலும் முதலிலை அதைத்தான் கேப்பினம். நீங்கள் கேக்கேல்லை. ஏனெண்டால் உங்களுக்கு ஆளைத் தெரியும்."

பதிலுக்கு வாயைத் திறந்தவன், பாவம், ஸ்ரீனிவாஸ்.

"அமெரிக்கால இருக்கறவங்களைச் சொல்றீங்களா? இந்த வண்டிக்குப் பொருந்தற சைலன்சர் இங்க எங்க தேடியும் கிடைக்கலீங்க. அங்க நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், கேக்கறேன்னு அக்காதான் சொன்னாங்க."

"வாயை மூடடா!" என்று அக்கா போட்ட சத்தத்தில் அவன் ஒரு அடி பின்னால் போனான்.

"நிருஜன்!" என்றாள் துஷ்யா. "அம்மா, நிருஜன் அண்ணாவோ?"

"அவன்ரை பேரை எடுக்காதை!" அக்காவின் கண் கலங்கியது, ஆனால் தலை குனியவில்லை. "என்ரை அக்கான்ரை பிள்ளை. எனக்குப் பெறாமகன். ஹூஸ்டனிலை பெரிய ஆஸ்பத்திரியிலை மருந்தாளராய் இருக்கிறான். கேட்டவுடனை அனுப்பினவன். ஏதோ பிழை நடந்து போச்சு. என்ன பிழை எண்டு எனக்குத் தெரியாது. அவன்ரை பேரைச் சொன்னால் அவன்ரை வேலை போயிடும், வாழ்க்கை போயிடும். கேஸ் என்னோடை முடியட்டும். ஒத்துக்கொள்ளவும் மாட்டன், காட்டிக்குடுக்கவும் மாட்டன்."

"அப்ப நான் என்ன செய்யிறது?" துஷ்யாவுக்கு அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. "நீங்கள் வீரமாய்ப் போய் ஜெயிலிலை இருங்கோ. நான் தனிய இருந்து இந்த வானைத் துடைக்கிறன்!"

சொல்லிக்கொண்டே போனை எடுத்து அழைத்துவிட்டாள். அக்கா பறிக்கப் போனார். நான் குறுக்கே நின்றேன். என் உடம்பு எப்போதாவது பிரயோசனப்பட வேண்டாமா?

வீடியோவில் தூக்கம் கலையாத ஒரு தாடிக்காரன் தெரிந்தான்.

"ஹேய் துஷ்யா! சின்னம்மா பக்கத்திலையோ? சின்னம்மா, சைலன்சர் வந்ததோ? பொருந்திச்சுதோ?"

அவனுக்கு ஒன்றுமே தெரியாது. வீட்டில் நடந்ததை நாகேஸ்வரி அக்கா அவன் தாயிடம்கூட மூச்சு விடவில்லை. மயூரா போனை வாங்கினாள்.

"தம்பி, ஒரு சின்னக் கேள்வி. உங்கட காரிலை புகை போற குழாயிலை, சத்தத்தைக் குறைக்கிற சாமான் ஒண்டு இருக்குமெல்லோ? அதுக்கு அங்கை என்ன பேர்?"

"மஃப்ளர்."

"மஃப்ளர் எண்டால் குளிருக்குக் கழுத்திலை சுத்துறதெல்லோ?" என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது.

"அப்ப அங்கை சைலன்சர் எண்டால் என்ன?" என்று மயூரா கேட்டாள்.

"அது கன்னுக்கு, துவக்குக்குப் போடுறது. சின்னம்மா கேட்டவா. சத்தத்துக்குப் பக்கத்திலை இருக்கிற ஆக்கள் கொம்ப்ளெயின் பண்ணினம், நல்ல சைலன்சர் ஒண்டு அனுப்பு எண்டு. ஷூட்டிங் கிளப்பிலை சேர்ந்திட்டா எண்டு நினைச்சன். இஞ்சை என்னோடை வேலை செய்யிற அம்மா ஒராளும் சுடப் பழகிற ரேஞ்சுக்குப் போறவ. இப்ப ரூல்ஸ் எல்லாம் லூசாக்கிக்கொண்டு வரினம். சைலன்சருக்கு இருந்த வரியையும் எடுத்திட்டினம். அதாலை என்னட்டை இருந்த ஒண்டை..."

"ரூல்ஸ் லூசோ, போட்டவை லூசோ," என்று முணுமுணுத்தேன்.

"தம்பி, லூசாக்கினது உங்கட நாட்டுக்குள்ளை," என்றாள் மயூரா. "கடலைத் தாண்டினால் ஒண்டும் லூசில்லை, உங்களுக்கும் இல்லை. உங்கட சின்னம்மா கேட்டது வானுக்குப் பூட்டுற மஃப்ளர். லண்டனிலை அதுக்குப் பேர்தான் சைலன்சர். நீங்கள் அனுப்பினதை வாங்கினதுக்காக அவ திங்கட்கிழமை கோட்டுக்குப் போறா. உங்கட பேரைச் சொல்ல மாட்டன் எண்டு நிக்கிறா."

திரையில் அந்த முகம் முழுசாக விழித்தது.

"சின்னம்மா," என்றான். "நான் சொல்லுறன். நான் கதைச்சது, அனுப்பினது எல்லாம் சொல்லுறன்."

"நீ வாயைத் திறக்கக்கூடாது! போனை வை!"

"ஏன்? நீங்கள் மட்டும் நிமிந்து நிக்கலாம், நான் கட்டிலுக்குக் கீழை ஒளிச்சிருக்கிறதோ? அம்மா சொல்லுறவா, எங்கட வீட்டிலை பணியத் தெரியாத ஆள் நீங்கள் எண்டு. நானும் அந்த வீடுதான். வேலை போனால் போகட்டும்."

நாகேஸ்வரி அக்கா திரும்பிக்கொண்டார். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார். எதிர்த்து நின்று பழகிய மனுசிக்கு, தனக்காக இன்னொருவர் எதிர்த்து நிற்பதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"முதலிலை அங்கை ஒரு நல்ல லோயரைப் பிடியுங்கோ, தம்பி. அவர் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ," என்றாள் மயூரா. பிறகு தன் போனில் சிவானந்தனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

அவர் எங்களை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. "மயூரா, கேளும். திங்கட்கிழமை ஒத்துக்கொள்ளுறது ஒண்டுதான் வழி. சைலன்சர், துவக்கு எண்டு தமிழிலை எழுத்திலை கிடக்கு. அதுக்கு வேறை என்ன அர்த்தம் சொல்லப்போறியள்? எனக்குத் தமிழ் தெரியாதோ?"

நாகேஸ்வரி அக்கா யாரையும் கேட்கவில்லை. வானில் ஏறி உட்கார்ந்தார்.

"அக்கா, வேணாங்க! சைலன்சர் இல்ல!" என்று ஸ்ரீனிவாஸ் ஓடினான்.

சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

வண்டி ஒருதரம் குலுங்கி, பின்குழாயில் 'படார்' என்று வெடித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. என்ன நடந்ததென்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. நான் நெஞ்சு நிலத்தில் பட, தலையைக் கையால் பொத்திக்கொண்டு கிடந்தேன். எனக்குப் பக்கத்தில் மயூராவும் அப்படியே கிடந்தாள். போரை விட்டு வந்து முப்பது வருசமாகியும் உடம்பு மறக்கவில்லை. ஸ்ரீனிவாஸும் துஷ்யாவும் நின்றபடி எங்களை வாய் பிளந்து பார்த்தார்கள்.

தலையை உயர்த்திப் பார்த்தேன். எங்கள் தலைமுறையில் குனியாமல் இருந்தவர் ஒரே ஒருவர்தான். பொத்தானில் வைத்த விரலை எடுக்காமல், முன் கண்ணாடியைப் பார்த்தபடி நேராக உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஊரையே கூட்டும் சத்தத்தில் உறுமியது. தெருவில் யாரோ ஜன்னலைத் திறந்து கத்தினார்கள்.

நிலத்தில் கிடந்த போனில் சிவானந்தன் அலறினார். "ஐயோ! என்ன சத்தம்? அங்கை என்ன சத்தம்?"

நாகேஸ்வரி அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"துவக்கு!" என்று கத்தினார். "தமிழ் தெரிஞ்சவர்தானே, வந்து பாரும்!"